பிடித்ததைப் பிடித்தது என்று சொல்லலாமா? ரசனை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்பாசமுத்திரத்துக்கும் பாளையங்கோட்டைக்கும் இடைப்பட்ட தாமிரபரணிக் கரை ஊர்களின் கிளை நூலகங்களில் 26 ஆண்டுகள் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வாசகர்கள் என்னிடம் கேட்டவை பெரும்பாலும் நூலைப் பற்றிய கேள்விகளாகத்தான் தொடங்கின. சற்று நேரம் பேசினால், தமக்குப் பிடித்ததைப் பிடித்தது என்று ஒப்புக்கொள்ள யாருடைய அனுமதியையோ அவர்கள் எதிர்பார்க்கிறார்கள் என்பது தெரியவரும். அந்தக் கேள்விகளையும் நான் சொல்லிவந்த பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன். நூல், பாட்டு, சாப்பாடு மூன்றும் கலந்தே வரும். எங்கள் பக்கத்தில் ரசனையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பேசுவதில்லை.

எல்லோரும் கொண்டாடும் நாவல் எனக்குப் பிடிக்கவில்லை. குறை என்னிடமா, நூலிடமா?

இதை என்னிடம் கேட்டவர்களில் என் நினைவில் நிற்பவர் ஒரு கல்லூரி மாணவி. தடித்த நாவல் ஒன்றை மேசையில் வைத்துவிட்டு, "சார், எல்லாரும் சொல்லுதாங்கன்னுதான் எடுத்தேன். நாப்பது பக்கத்துக்கு மேல ஓடவே இல்ல. எனக்குத்தான் அறிவு பத்தலையோ என்னமோ" என்றார். நாற்பதாம் பக்கத்தில், அடையாளத்துக்கு வைத்த பேருந்துப் பயணச்சீட்டு அப்படியே இருந்தது. எந்த இடத்தில் கவனம் விலகியது என்று மட்டும் கேட்டேன். யார் யாருக்கு என்ன உறவு என்று பிடிபடாமல் போன இடத்தில் என்று சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்.

அவருக்கு அந்த நாவல் புரியவில்லை. பிடிக்கிறதா இல்லையா என்று சொல்லும் இடத்துக்கே அவர் இன்னும் வந்து சேரவில்லை. புரியாதது, பழகாதது, பிடிக்காதது ஆகிய மூன்றையும் நாம் ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். புரியாததற்கு மருந்து ஒரு தாளில் பெயர்களை எழுதிவைத்துக்கொண்டு படிப்பது. பழகாதது, வட்டார வழக்கில் எழுதப்பட்ட கதைகளில் வெளியூர்க்காரர்கள் தடுமாறுவதுபோல; அதற்குச் சில நாள் பொறுமை போதும். இவ்விரண்டையும் கடந்த பிறகும் மனம் ஒட்டவில்லை என்றால், அதுவே பிடிக்காமை. அது யாருடைய குறையும் இல்லை, அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதும் இல்லை. அந்த மாணவி மறுபடி எடுத்துப்போய் முழுவதும் படித்தார். திருப்பிக் கொடுத்தபோது, "இப்ப புரியுது சார், ஆனா பிடிக்கல" என்றார். முதல் முறை தாழ்ந்திருந்த தலை அன்று நிமிர்ந்திருந்தது.

ஆயிரம் பேர் விரும்புகிறார்கள் என்றால் அதில் ஏதோ இருக்கத்தானே செய்யும்?

ஏதோ இருக்கலாம். ஆனால் அந்த ஆயிரம் பேர் எப்படி ஆயிரம் பேர் ஆனார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

நூலகத்தில் வேலை பார்த்தவர்கள் அனைவரும் அறிந்த செய்தி ஒன்று உண்டு. வாசகர்கள் திருப்பிக் கொடுத்த நூல்களை அலமாரியில் அடுக்குவதற்கு முன்னால் மேசை ஓரத்தில் குவித்து வைத்திருப்போம். உள்ளே வருகிறவர்கள் அலமாரிக்குப் போகுமுன் அந்தக் குவியலைத்தான் கிளறுவார்கள். யாரோ எடுத்துப் படித்த நூல் என்பதே அதற்குப் பரிந்துரை ஆகிவிடும். இதனால் ஒருமுறை வெளியே போன நூல் மறுமுறையும் போகிறது; அதன் பின்னட்டையில் ஒட்டிய தேதிச் சீட்டில் முத்திரைகள் நெருங்கி விழுகின்றன; அந்த முத்திரைகளைப் பார்த்து மூன்றாமவர் எடுக்கிறார். அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கும் நூல், அதைவிடச் சிறந்ததாக இருந்தாலும், ஒரே ஒரு முத்திரையோடு ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருக்கும்.

நான் கண்ணால் கண்ட இதை அமெரிக்காவில் பணியாற்றிய ஆய்வாளர்கள் மேத்யூ சால்கனிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் மூவரும் ஒரு சோதனையாகவே செய்து 2006-இல் வெளியிட்டார்கள். அதிகம் அறியப்படாத இசைக்குழுக்களின் 48 பாடல்களை இணையத்தில் வைத்து, 14,000-க்கும் மேற்பட்டவர்களைக் கேட்கச் செய்தார்கள். ஒரு பிரிவினருக்குப் பாடல்கள், இசைக்குழுக்கள் ஆகியவற்றின் பெயர்கள் மட்டும் தெரிந்தன. மற்றவர்கள் எட்டுத் தனித்தனிக் குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, தம் குழுவில் எந்தப் பாடலை எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்பதையும் பார்க்க முடிந்தது. எல்லாக் குழுக்களும் ஒரே நிலையில் தொடங்கியிருந்தும், ஒரு குழுவில் முன்னால் வந்த பாடல் இன்னொரு குழுவில் பின்தங்கியது. மிக நல்ல பாடல்கள் அடிமட்டத்துக்குப் போனது அரிது, மிக மோசமானவை உச்சிக்கு ஏறியதும் அரிது. இடையில் இருந்தவற்றுக்கோ என்ன வேண்டுமானாலும் நேர்ந்தது. நம் முன் வந்து நிற்கும் பெரும்பாலானவை அந்த இடைப்பட்ட வகையைச் சேர்ந்தவைதாம். எனவே பலர் விரும்புகிறார்கள் என்பதை எடுத்துப் பார்க்க ஒரு காரணமாக வைத்துக்கொள்ளலாம். தீர்ப்பாக வைத்துக்கொள்ள முடியாது.

தனியாக இருக்கும்போது தெளிவாக இருக்கும் என் கருத்து, நாலு பேர் நடுவில் ஏன் தடுமாறுகிறது?

ஏனெனில் நாம் நாலு பேரோடு வாழப் பழகியவர்கள். 'ஊரோடு ஒத்து வாழ்' என்றும் 'ஊர் ஓடினால் ஒத்தோடு' என்றும் சொல்லிவைத்தவர்கள் அனுபவம் இல்லாமல் சொல்லவில்லை. 2023 டிசம்பரில் தாமிரபரணியில் வெள்ளம் வந்தபோது, மேட்டுக்குப் போங்கள் என்று தெருவே குரல் கொடுத்த நேரத்தில், எனக்கு அப்படித் தோன்றவில்லையே என்று யாரும் ஆராய்ந்துகொண்டு நிற்கக் கூடாது. ஊர் ஓடினால் ஓட வேண்டிய காரியங்கள் உண்டு. ஒரு கவிதை பிடிக்கிறதா என்பது அந்த வகைக் காரியம் அன்று. ஆனால் இரண்டு இடத்திலும் மனம் ஒரே பழக்கத்தில்தான் இயங்குகிறது.

எவ்வளவு தூரம் இயங்கும் என்பதை உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950-களின் தொடக்கத்தில் காட்டினார். அட்டையில் உள்ள ஒரு கோட்டுக்குச் சமமான நீளமுள்ள கோட்டை, வேறு மூன்று கோடுகளுக்குள் காட்ட வேண்டும். தனியாகச் செய்தவர்கள் நூற்றுக்கு ஒருமுறைகூடத் தவறவில்லை. முன்கூட்டியே பேசிவைத்த ஆட்கள் வரிசையாகத் தவறான கோட்டைக் காட்டியதும், அவர்களோடு உட்கார்ந்திருந்த உண்மையான பங்கேற்பாளர்களின் விடைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்தத் தவற்றோடு ஒத்துப்போனது. நான்கில் மூன்று பேர் ஒருமுறையாவது வழுக்கினார்கள். கண்முன் இருக்கும் கோட்டுக்கே இப்படியென்றால், அளவுகோலே இல்லாத ரசனைக்கு என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

அந்தச் சோதனையில் எனக்கு ஆறுதல் தரும் பகுதி வேறு. கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான கோட்டைக் காட்டிவிட்டால், பங்கேற்பாளரின் தடுமாற்றம் பெருமளவு குறைந்துவிட்டது. என் இருபதுகளில், இலக்கியக் கூட்டம் ஒன்று முடிந்து தேநீர்க் கடை வாசலில் நின்றபோது, எல்லோரும் புகழ்ந்த கவிதைத் தொகுப்பு ஒன்றை நானும் புகழ்ந்தேன். எந்தக் கவிதை உங்களைத் தொட்டது என்று மூத்தவர் ஒருவர் அன்பாகத்தான் கேட்டார். ஒரு வரிகூட எனக்கு நினைவில் இல்லை. பக்கத்தில் நின்றவர் மெதுவாக, "எனக்கும் அது ஒட்டல அண்ணாச்சி" என்றார். அதற்குப் பிறகு அந்த இடத்தில் நடந்ததுபோன்ற நேர்மையான பேச்சை நான் அதிகம் கேட்டதில்லை. அன்று முதல், கூட்டத்தில் ஒட்டவில்லை என்று முதலில் சொல்லும் ஆளாக இருப்பதை ஒரு கடமையாகவே கொண்டேன். எனக்காக இல்லாவிட்டாலும், வாய் திறக்க முடியாமல் நிற்கும் இன்னொருவருக்காக.

எனக்குப் பிடிப்பதும் ஊருக்குப் பிடிப்பதும் ஒன்றாகவே இருக்கிறது. எனக்கென்று ரசனையே இல்லையோ?

அப்படி அஞ்ச வேண்டாம். ஊரோடு ஒத்துப்போகும் ரசனையும் சொந்த ரசனையாக இருக்க முடியும். அந்த முடிவுக்கு நீங்கள் எந்த வழியில் வந்தீர்கள் என்பதுதான் கேள்வி.

என் சித்தப்பா அல்வா என்றால் திருநெல்வேலி டவுனில் ஒரே ஒரு கடையில்தான் வாங்குவார். வரிசையில் நின்று வாங்கும் கடை. கூட்டத்தைப் பார்த்து மயங்கியிருக்கிறார் என்று வீட்டில் இளையவர்களாகிய நாங்கள் உறுதியாக நம்பினோம். ஒரு தீபாவளிக்கு, அந்தக் கடை உட்பட மூன்று கடைகளின் அல்வாவையும் வாங்கி, பொட்டலத்தைப் பிரித்து, மூன்று வாழையிலைத் துண்டுகளில் வைத்துக் கொடுத்தோம். அவர் ஒவ்வொன்றையும் முதலில் விரல் நுனியால் அழுத்திப் பார்த்தார். பிறகு சிறிதளவு எடுத்து, மெல்லாமல் நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவே வைத்து, கரையும்வரை காத்திருந்தார். முதலாவதில் சர்க்கரை முன்னால் வருகிறது, இரண்டாவதில் நெய் நல்ல நெய்தான், ஆனால் கோதுமைப் பால் புளிப்பேறும் அளவுக்கு நின்றிருக்கிறது, மூன்றாவதுதான் நம் கடை என்றார். சரியாகச் சொல்லியிருந்தார்.

சம்பா கோதுமையை ஊறவைத்து, அரைத்துப் பாலெடுத்து, சர்க்கரையும் நெய்யும் சேர்த்து நெடுநேரம் கிண்டி இறக்கும் பண்டத்தில், எந்தப் பக்குவம் எங்கே பிசகும் என்பதை அவர் நாக்கு அறிந்திருந்தது. கூட்டம் சொன்னதையே அவரும் சொன்னார், ஆனால் கூட்டம் சொன்னதால் சொல்லவில்லை. சூடான அல்வாவும் மறுநாள் ஆறிய அல்வாவும் வேறு வேறு பண்டங்கள் என்பதை அவரிடம்தான் கற்றேன். எனக்கோ, கோதுமை அல்வாவைவிட, தேங்காய்ப் பாலில் கிண்டும் முதலூர் மஸ்கோத் அல்வாதான் பிடிக்கும். திருநெல்வேலிக்காரன் இப்படிச் சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சொல்லலாம்.

அப்படியானால் தரம் என்று ஒன்றே இல்லையா? எல்லாம் அவரவர் விருப்பம்தானா?

தரம் உண்டு. தரத்தையும் விருப்பத்தையும் கலக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும்.

பத்தமடையில் கோரைப் பாய் நெய்கிறார்கள். கோரையை நீரில் ஊறவைத்து, நூல்போல் மெல்லிதாகக் கிழித்து, பருத்தி அல்லது பட்டு நூலைப் பாவாக ஓட்டி நெய்யும் பட்டுப்பாயைத் துணிபோல மடிக்கலாம். சாதாரணப் பாயில் அந்த நுணுக்கம் கிடையாது. இது யாருடைய விருப்பத்தையும் பொறுத்தது அன்று. விரலால் தடவிப் பார்த்தாலே தெரியும் உண்மை. ஆயினும், படுத்து உறங்க எனக்குச் சாதாரணப் பாய்தான் வேண்டும், அதன் சொரசொரப்பு முதுகுக்கு இதமாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், அவரோடு வழக்காட ஒன்றுமில்லை. பட்டுப்பாயில் வேலை நுட்பம் இல்லை என்று சொன்னால்தான் அவர் தவறுகிறார். நூலுக்கும் இதுவே பொருந்தும். சிறந்த நூல் என்று நான் மனமார மதிக்கும் சிலவற்றை மறுபடி திறக்க எனக்கு ஆசை எழவில்லை. சாதாரணமானது என்று எனக்கே தெரிந்த ஒரு தொடர்கதையை நான்கு முறை படித்திருக்கிறேன். இரண்டையும் வெளிப்படையாகச் சொல்வதால் எதற்கும் மதிப்புக் குறைவதில்லை.

கூட்டத்துக்கு எதிராக நிற்பதுதான் சொந்த ரசனையின் அடையாளமா?

கூட்டம் வலப்பக்கம் போனால் இடப்பக்கம் போகிறவனும் கூட்டத்தைப் பார்த்துத்தான் வழி தீர்மானிக்கிறான். இந்தப் பாசாங்கை நான் அதிகம் கண்டது படித்தவர்களிடம்தான்.

சுடலைமாடன் கோயில் கொடை விழா ஒன்றில், ஒரு பக்கம் மேடை போட்டு இன்னிசைக் கச்சேரி. ஊர் இளைஞர்கள் முழுவதும் அங்கே. சாமிக்கு முன்னால், சில பெரியவர்களும் பெண்களும் மட்டும் அமர்ந்திருக்க, கணியான் கூத்து நடந்துகொண்டிருந்தது: அண்ணாவி கதை பாட, மகுடம் என்னும் தோற்பறைகள் முழங்க, பெண் வேடமிட்ட இருவர் ஆடினார்கள். நகரத்திலிருந்து வந்திருந்த இளைஞர் ஒருவர், இதுதான் உண்மையான கலை, இதன் அருமை இந்த மக்களுக்குத் தெரியவில்லை என்று என்னிடம் நெடுநேரம் வருந்திப் பேசினார். பேசிய நேரம் முழுவதும் அவர் கூத்தைப் பார்க்கவில்லை, முதுகைக் காட்டி நின்றார். எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஆச்சி ஒருத்தி திரும்பி, "மகுடம் ஒண்ணு இறங்கிட்டு கேக்கேளா? இப்ப தீயில காட்டுவாம் பாருங்க" என்றாள். பனி இறங்கித் தோல் தளர்ந்திருந்தது. ஆச்சி சொன்னபடியே, ஒருவர் எழுந்துபோய்த் தீயில் காட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். முழக்கம் மறுபடி நிமிர்ந்தது.

கூத்தை யார் பார்க்கிறார்கள், யார் பார்க்கவில்லை என்பது ஆச்சிக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. அவள் காது மகுடத்தின்மேல் இருந்தது. என்னைக் கேட்டால், அன்று மேடைக் கச்சேரியில் லயித்துத் தாளம் போட்ட இளைஞர்கள்கூட, எனக்குப் பக்கத்தில் நின்றவரைவிட ஆச்சிக்கு நெருக்கமானவர்கள்.

பிரபலமான ஒன்றிலிருந்து தொடங்கினால் தவறா?

தவறில்லை. காருகுறிச்சி அருணாசலம் 1964-இல் மறைந்தவர். இந்த மண் தந்த நாகசுரக் கலைஞர். 1962-இல் வெளிவந்த ஒரு படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு ஆபேரி ராகத்தில் இழைந்த அவருடைய நாகசுரத்தை அறியாதவர்கள் எங்கள் தலைமுறையில் இல்லை. என் பக்கத்து வீட்டுக்காரர் அந்த ஒரு பாட்டில் தொடங்கி, அதே ராகத்தை அவர் விரிவாக வாசித்த பதிவைத் தேடிக் கேட்டு, கடைசியில் திருமண ஊர்வலங்களில் யார் வாசித்தாலும் நின்று கேட்கிறவராக ஆனார். திரைப் பாட்டு என்று வாசலிலேயே விலகியிருந்தால் அவர் வீட்டுக்குள் நுழைந்திருக்க மாட்டார்.

ஏன் பிடிக்கிறது என்று கேட்டால் எனக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லையே?

சொல்லத் தெரியாவிட்டால் சொல்ல வேண்டாம். காரணத்தை அவசரமாகத் தேடினால், வாயில் எளிதாக வரும் காரணம் வரும். பிறகு அந்தக் காரணத்துக்கு ஏற்பப் பிடித்ததையே மாற்றிக்கொள்வோம். உளவியலாளர்கள் திமோத்தி வில்சன், ஜோனத்தன் ஸ்கூலர் இருவரும் 1991-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களுக்குச் சில வகை ஸ்ட்ராபெரி ஜாம்களைக் கொடுத்தார்கள். வெறுமனே சுவைத்து மதிப்பிட்டவர்களின் வரிசை, தேர்ந்த சுவைஞர்களின் வரிசையோடு ஓரளவு ஒத்துப்போனது. காரணங்களை எழுதிவிட்டு மதிப்பிட்டவர்களின் வரிசை விலகிப்போனது.

நூலகத்தில் நான் காரணம் கேட்பதை விட்டுவிட்டு, இடத்தைக் காட்டச் சொல்வேன். எந்தப் பக்கம்? எந்த வரி? பாட்டில் எந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள்? இடத்தைக் காட்டுகிறவருக்கு விருப்பம் உண்மையாக இருக்கிறது. இடமே இல்லாமல், மொத்தத்தில் பிரமாதம் என்று மட்டும் சொல்கிறவர் பெரும்பாலும் பிறர் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறார். நான் தேநீர்க் கடை வாசலில் சொன்னது போல.

சொந்த ரசனையை நம்பினால் தவறு நேராதா?

நேரும். இதற்கு எங்கள் ஊரிலேயே பெரிய சான்று இருக்கிறது, அவரை நான் மிகுந்த மரியாதையோடுதான் குறிப்பிடுகிறேன்.

ரசிகமணி என்று தமிழுலகம் அழைத்த டி. கே. சிதம்பரநாத முதலியார் 1882 முதல் 1954 வரை வாழ்ந்தவர். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் வீட்டில் கூடிய நண்பர் குழுவுக்கு வட்டத்தொட்டி என்று பெயர். பிற்காலத்தில் குற்றாலத்தில் வாழ்ந்தபோதும் அன்பர்கள் அவரைத் தேடிச் சென்றார்கள். கவிதைக்கு உரையாசிரியர்களும் இலக்கணமும் மட்டுமே வழி என்று பலர் எண்ணியிருந்த காலத்தில், பாட்டைக் காதால் கேள், உள்ளத்தால் அனுபவி என்று சொன்னவர் அவர். ஒரே பாடலைப் பலமுறை, நிறுத்தி நிறுத்தி, ஓசை வெளிப்படும்படி சொல்லிக் காட்டுவார். ரசனை பிறவியில் சிலருக்கு மட்டும் வாய்ப்பது என்று நினைப்பவர்கள் அந்த முறையை எண்ணிப் பார்க்கலாம். பண்டிதர் அல்லாதவர்களும் அவரோடு அமர்ந்து கம்பனை அனுபவித்தார்கள்.

அந்த நம்பிக்கையே அவரை இன்னொரு இடத்துக்கும் கொண்டுபோனது. கம்பராமாயணத்தில் தம் உள்ளத்துக்குக் கவிதையாகப் படாத பல பாடல்களை இவை கம்பன் பாடியவை அல்ல, இடைச்செருகல் என்று ஒதுக்கினார். சில இடங்களில் சொற்களையும் மாற்றினார். சுவடி ஆதாரம் இல்லாமல் இப்படிச் செய்யலாகாது என்று புலவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். இந்த வழக்கில் நான் புலவர்கள் பக்கம். இந்தப் பாட்டு எனக்கு இனிக்கவில்லை என்று சொல்ல ரசனைக்கு முழு உரிமை உண்டு. இதைக் கம்பன் எழுதவில்லை என்று சொல்ல ரசனைக்கு வாயில்லை. அதைச் சுவடிகளைத்தான் கேட்க வேண்டும். பெருங்கவிஞனும் சில இடங்களில் சோர்வான பாட்டை எழுதியிருக்கலாம் அல்லவா? இருந்தும், அவர் ஒதுக்கியவற்றை நான் மறந்துவிடுகிறேன், அவர் சுட்டிக்காட்டிய பாடல்களின் ஓசை மட்டும் என் காதில் தங்கியிருக்கிறது. தவறு செய்யவே கூடாது என்று அஞ்சியிருந்தால் அவர் அந்தப் பாடல்களையும் நமக்குக் காட்டியிருக்க மாட்டார்.

விமர்சகர்களையும் விருதுகளையும் பொருட்படுத்தவே கூடாதா?

பொருட்படுத்துங்கள், ஆனால் படித்த பிறகு. கோவில்பட்டி அருகே இடைசெவல் என்ற சிற்றூரில் பிறந்த கு. அழகிரிசாமிக்கு 1970-க்கும், கி. ராஜநாராயணனுக்கு 1991-க்கும் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அழகிரிசாமி விருதைக் காண உயிரோடு இல்லை. திருநெல்வேலியில் வளர்ந்த புதுமைப்பித்தன் 1948-இல் வறுமையில் மறைந்தார். விற்பனை குறைந்த சிறு பத்திரிகைகளில்தான் அவருடைய சிறந்த கதைகள் பல வெளிவந்தன. விருது வருவதற்கு முன்பும், புகழ் பரவுவதற்கு முன்பும், இந்தக் கதைகளைப் படித்து நிமிர்ந்து உட்கார்ந்த சிலர் இருந்திருக்கிறார்கள். அவர்களுக்குத் துணை நிற்கப் பட்டியல் எதுவும் இருக்கவில்லை.

நல்ல விமர்சகர் நாம் தவறவிட்ட பக்கத்தைக் காட்டுவார். அவர் காட்டிய பின் மறுபடி படித்து நம் கருத்து மாறினால், அந்த மாற்றமும் நம்முடையதே. படிப்பதற்கு முன்னாலேயே அவரைக் கேட்டால், நாம் படிக்கப்போவது அவர் படித்த நூலைத்தான்.

வீட்டிலும் விருந்திலும் மாற்றுக் கருத்துச் சொன்னால் மனவருத்தம் வராதா?

எல்லா இடத்திலும் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பக்கத்தில் திருமணத்துக்கு மறுநாள் விருந்தில் தேங்காய்ப் பால் ஊற்றிய சொதியும் இஞ்சித் துவையலும் உண்டு. தேங்காய்ப் பால் ஒத்துக்கொள்ளாத புது மருமகன் ஒருவர், "சொதி எப்படி மாப்ள இருக்கு?" என்று மாமியார் கேட்டபோது, "இஞ்சித் துவையல் ரொம்ப நல்லா இருக்கு அத்தை, இன்னும் கொஞ்சம் வைங்க" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, யாரையும் புண்படுத்தவும் இல்லை. எனக்கு ஒட்டவில்லை என்பது உங்களைப் பற்றிய செய்தி. இது மோசம் என்பது எதிரில் இருப்பவரின் உழைப்பின்மேல் சொல்லும் தீர்ப்பு. முதலாவதைச் சொல்லப் பழகினால் பெரும்பாலான வருத்தங்கள் எழுவதில்லை. மாமியார் வீட்டில் மௌனமாக இருந்த மருமகன், தம் மனத்துக்குள்ளும் சொதி பிடிப்பதாக நம்பத் தொடங்கினால்தான் நான் கவலைப்படுவேன்.

கைப்பேசி காட்டும் நட்சத்திர மதிப்பீடுகளையும் பரிந்துரைகளையும் என்ன செய்வது?

மின்விசிறி வாங்க மதிப்பீடு உதவும். பாட்டுக்கும் கதைக்கும், முதல் முறை அந்த எண்களைப் பார்க்காமல் இருக்க முயலுங்கள். பரிந்துரைகள் நீங்கள் முன்பு சொடுக்கியதை வைத்தும், உங்களைப்போல் சொடுக்கியவர்களை வைத்தும் வருகின்றன. மேசை ஓரத்துக் குவியல்தான், அளவில் பெரிது. வாரத்துக்கு ஒருமுறையாவது கீழ்த்தட்டில் கை வையுங்கள்.

குழந்தைகளின் ரசனையை எப்படி வளர்ப்பது?

நூலகத்துக்குக் குழந்தையோடு வரும் பெற்றோர், குழந்தை எடுத்த நூலைப் பிடுங்கி வைத்துவிட்டு, பயனுள்ளது என்று வேறொன்றைத் திணிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்தக் குழந்தைகளில் பலர் அடுத்த ஆண்டு வருவதில்லை. இரண்டு நூல் எடுக்கலாம் என்றால், ஒன்று உங்கள் விருப்பம், ஒன்று அதன் விருப்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். படித்து முடித்ததும் நீதி என்ன என்று கேட்காதீர்கள். எந்தப் படத்தை மறுபடி புரட்டிப் பார்த்தாய் என்று கேளுங்கள். ஒரு சிறுவன் இந்தக் கேள்விக்கு, நாய் மழையில் நனைந்து நிற்கும் படத்தைக் காட்டி, "இது எங்க வீட்டு நாய் மாதிரியே முழிக்கி" என்றான். அவன் அப்பா கீழே வைத்த நூலை மறுபடி எடுத்துப் பார்த்தார்.

இன்று பிடித்தது நாளை பிடிக்காமல் போனால், நம்பியது வீண்தானே?

ரசனை மாறும். மீண்டும் மீண்டும் எதிர்ப்படுவதாலேயே ஒன்றின்மேல் விருப்பம் கூடும் என்று உளவியலாளர் ராபர்ட் ஜயன்ஸ் 1968-இல் ஆய்வு செய்து காட்டினார். தெருவெங்கும் ஒலிக்கும் பாட்டு மூன்றாம் வாரம் நம் வாயில் முணுமுணுக்கப்படுவது அதனால்தான். எனவே எந்த மாற்றம் உள்ளிருந்து வந்தது, எது பழக்கத்தால் வந்தது என்று அறிய, முன்பு என்ன நினைத்தோம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். நினைவை நம்ப முடியாது. எப்போதுமே எனக்கு இது பிடிக்கும் என்று அது கூசாமல் சொல்லிவிடும்.

எங்கிருந்து தொடங்குவது?

ஒரு குறிப்பேடு வாங்கிக்கொள்ளுங்கள். படித்து முடித்தவுடன், கேட்டு முடித்தவுடன், யாரிடமும் பேசுவதற்கு முன்னால், தேதி போட்டு மூன்று வரி எழுதுங்கள்: எந்த இடம் பிடித்தது, எந்த இடத்தில் கவனம் போனது, மறுபடி எடுப்பேனா. அதன் கீழே நான்கு விரல் இடம் விடுங்கள். பிறகு நண்பர்களிடம் பேசுங்கள், விமர்சனம் படியுங்கள். கருத்து மாறினால் மேலே எழுதியதை அடிக்காமல், விட்ட இடத்தில் புதிய தேதியோடு எழுதுங்கள். நான் வைத்திருக்கும் குறிப்பேடுகளில் சில இடங்களில் அந்த நான்கு விரல் இடம் போதாமல், ஓரத்தில் ஏறி எழுதியிருக்கிறேன். பல இடங்களில் அது இன்னும் வெறுமையாக இருக்கிறது.